தத்தெடுத்த முயல் எந்த இனம்? கொல்கத்தா வீடுகளில் எழும் கேள்விக்கு உடலே தரும் விடைகள்

கொல்கத்தா: வடக்குக் கொல்கத்தாவின் பாக்பஜார் பகுதியில் உள்ள காலிஃப் தெருவில் ஞாயிற்றுக்கிழமைதோறும் செல்லப்பிராணிச் சந்தை கூடுகிறது. முன்பு ஹாத்திபாகானில் கூடிவந்த இச்சந்தையில் பறவைகள், வண்ணமீன்கள், நாய்க்குட்டிகள், பூச்செடிகள் ஆகியவற்றோடு கூடைகளிலும் கம்பிக் கூண்டுகளிலும் முயல்குட்டிகளும் விற்கப்படுகின்றன. வாங்குவோரிடம் சொல்லப்படும் பெயர்கள் பெரும்பாலும் மூன்று அல்லது நான்குதான். ரோமம் நீண்டிருந்தால் அங்கோரா, கறுப்பும் வெள்ளையும் கலந்திருந்தால் டச்சு, உள்ளங்கைக்குள் அடங்கினால் ட்வார்ஃப் எனப்படும் குட்டை இனம், முழு வெள்ளையாக இருந்தால் நியூசிலாந்து.

அவ்வாறு வாங்கப்பட்ட முயல் சில மாதங்களில் வேறொரு வீட்டுக்குக் கைமாறுவது நகரங்களில் வழக்கமாகிவிட்டது. குழந்தைகளுக்கு ஆர்வம் குறைகிறது, வாடகை வீட்டுக்காரர் ஆட்சேபிக்கிறார், ட்வார்ஃப் என்று சொல்லப்பட்டது மூன்று கிலோவைத் தாண்டுகிறது. தத்தெடுத்தவர் முதலில் கேட்பது, 'இது எந்த இனம்?' என்பதாகும். பெரும்பாலான முயல்களுக்குப் பொருந்தும் நேர்மையான விடை, 'எந்த இனமும் அன்று, கலப்பு' என்பதே. ஆயினும் அந்தக் கேள்வியோடு முயலைக் கூர்ந்து நோக்கினால், இனப்பெயரை விடப் பயனுள்ள பல செய்திகள் கிடைக்கின்றன. அதன் உயிர் சில நேரங்களில் அவற்றையே சார்ந்துள்ளது.

இனம் என்பது பதிவேட்டில் உள்ளது

உலகில் வளர்க்கப்படும் முயல்கள் அனைத்தும், ஐந்து கிலோவைத் தாண்டும் பண்ணை முயலும் ஒரு கிலோவுக்குள் அடங்கும் குட்டை முயலும் உட்பட, ஐரோப்பியக் குழிமுயல் என்னும் ஒரே சிற்றினத்தைச் சேர்ந்தவை. இனங்கள் என்று நாம் சொல்லும் பிரிவுகளில் மிகப் பல கடந்த இருநூறு ஆண்டுகளில் மனிதர் தேர்ந்தெடுத்து உருவாக்கியவை. சார்லஸ் டார்வின் 1868ஆம் ஆண்டு வெளியிட்ட, வளர்ப்பு விலங்குகளும் தாவரங்களும் மாறுபடும் விதம் குறித்த நூலில் முயல்களுக்கென ஓர் அத்தியாயத்தையே ஒதுக்கினார். பல இன முயல்களின் மண்டையோடுகளையும் காதுகளையும் அளந்து, அவை யாவும் ஒரே காட்டு மூதாதையின் வழிவந்தவை என்ற முடிவுக்கு அவர் வந்தார்.

அமெரிக்காவில் 1910இல் தொடங்கப்பட்ட முயல் வளர்ப்போர் சங்கம் இன்று சுமார் 50 இனங்களை அங்கீகரிக்கிறது. ஒவ்வோர் இனத்துக்கும் எடை, உடல்வடிவம், ரோமம், நிறம் ஆகியவற்றுக்கான தர வரையறை உண்டு. மூன்று தலைமுறை வம்சாவளி எழுதிவைக்கப்படுகிறது. முயலின் இடது காதின் உட்புறத்தில் அடையாள எண் பச்சை குத்தப்படுகிறது. எனவே தத்தெடுத்த முயலின் காதினுள் எண் ஏதேனும் இருக்கிறதா என்று பார்ப்பது நல்ல தொடக்கம். அது இருந்தால் பண்ணையிலோ ஆய்வுக்கூடத்திலோ முறையாக வளர்க்கப்பட்ட முயல் என்று ஊகிக்கலாம். கொல்கத்தாவின் வீட்டு முயல்களில் அதைக் காண்பது அரிது. நாய்களுக்கு உள்ளதுபோல் எச்சில் மாதிரியைக் கொண்டு இனக்கலப்பைச் சொல்லும் சோதனையும் முயல்களுக்குப் பரவலாக வரவில்லை.

இந்தியாவுக்குக் குழிமுயல் சொந்தமானதன்று. இங்குள்ள வளர்ப்பு முயல்கள் அனைத்தின் மூதாதையரும் வெளிநாடுகளிலிருந்து வந்தவை. ராஜஸ்தானின் அவிகாநகரில் 1962இல் தொடங்கப்பட்ட மத்திய செம்மறியாடு மற்றும் கம்பளி ஆராய்ச்சி நிறுவனம் இறைச்சி முயல், கம்பளி முயல் ஆராய்ச்சியையும் மேற்கொண்டது. அதன் தென்மண்டல மையம் கொடைக்கானல் மலையில் உள்ள மன்னவனூரில் இயங்குகிறது. அங்கு வொயிட் ஜெயன்ட் எனப்படும் வெள்ளை ராட்சத இனமும் சோவியத் சின்சில்லா இனமும் பராமரிக்கப்பட்டு, விவசாயிகளுக்குக் குட்டிகள் வழங்கப்பட்டு வந்துள்ளன. இமாச்சலப் பிரதேசத்தின் கார்சாவில் உள்ள குளிர்மண்டல நிலையம் அங்கோரா முயல்களுக்குப் பெயர்பெற்றது. நியூசிலாந்து வெள்ளை, கிரே ஜெயன்ட், கலிஃபோர்னியன் ஆகியனவும் நாட்டின் பல பண்ணைகளில் உண்டு.

இந்தப் பண்ணை இனங்களின் இரத்தமே பல தலைமுறைக் கலப்புக்குப் பின் நகரத்துக் கூடைகளிலும் ஓடுகிறது என்று கொள்வது பொருத்தம். தொங்கு காது, பிடரி ரோமம், குட்டை உருவம் ஆகிய பண்புகள் பின்னர் செல்லப்பிராணி வணிகத்தின் வழியே வந்து இதனுடன் சேர்ந்தன. நியூசிலாந்து வெள்ளை என்ற பெயர்கூட வழிதவறச் செய்வதே. அந்த இனம் உருவானது அமெரிக்காவில்.

முதலில், அது முயல்தானா?

இது கேலிக் கேள்வி அன்று. மாவட்டங்களிலிருந்து நகருக்கு வரும் உறவினர் வயலில் கண்டெடுத்த பழுப்பு நிறக் குட்டி ஒன்றைக் கொண்டுவந்து தருவதுண்டு. அது இந்தியக் காட்டு முயலாக இருக்கலாம். தமிழில் இரண்டையும் முயல் என்றே சொல்கிறோம். வங்காளத்திலும் கர்கோஷ் என்ற ஒரே சொல்லே பேச்சில் புழங்குகிறது. பாரசீகத்திலிருந்து வந்த அச்சொல்லுக்குக் கழுதைக் காது என்று பொருள். உயிரியலில் அவை வெவ்வேறு பேரினங்கள். வளர்ப்பு முயலுக்கு 44 நிறமூர்த்தங்கள், காட்டு முயலுக்கு 48. இரண்டும் கலந்து குட்டி ஈனுவதில்லை.

வேறுபாட்டை அறிய எளிய வழிகள் உண்டு. வளர்ப்பு முயலின் குட்டி ரோமமின்றிக் கண் மூடிப் பிறக்கிறது, பத்தாம் நாள் வாக்கில்தான் கண் திறக்கிறது. காட்டு முயலின் குட்டி ரோமத்தோடும் திறந்த கண்களோடும் பிறக்கிறது. ஆகவே கைப்பிடி அளவே உள்ள குட்டி முழு ரோமத்தோடு, நீண்ட கால்களும் கறுத்த நுனியுடைய காதுகளுமாக விழித்துப் பார்த்தால் ஐயம் கொள்ள வேண்டும். காட்டு முயலைப் பிடிப்பதும் வீட்டில் வைத்திருப்பதும் 1972ஆம் ஆண்டின் வனவிலங்கு பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். தாய் முயல் குட்டியைப் புல்லிடையே தனியே விட்டுவிட்டு, பாலூட்ட மட்டும் திரும்பி வருவது இயல்பு. ஆதரவற்றது என்று கருதி எடுத்துவரப்படும் குட்டிகளில் பலவும் உண்மையில் ஆதரவற்றவை அல்ல. எடுத்த இடத்திலேயே விட முடியாத நிலையில் வனத்துறையிடம் ஒப்படைப்பதே வழி.

இத்தகைய குழப்பம் கொல்கத்தாவுக்குப் புதிதன்று. வடகிழக்கின் உயர்ந்த புல்வெளிகளில் வாழும், சொரசொரப்பான ரோமமுடைய விலங்கொன்றை 1839இல் பியர்சன் என்ற ஆய்வாளர் சாதாரணக் காட்டு முயலின் பேரினத்தில் சேர்த்துப் பெயரிட்டார். கல்கத்தா ஆசியக் கழக அருங்காட்சியகத்தின் காப்பாட்சியராக இருந்த எட்வர்ட் பிளைத், 1845இல் அதைத் தனிப் பேரினமாகப் பிரித்தார். இன்று மிக அருகிவிட்ட முரட்டு ரோம முயல் அது. குறுகிய காதும் குட்டைக் கால்களும் கொண்ட அவ்விலங்கை வகைப்படுத்துவதில் அறிஞர்களுக்கே ஆறு ஆண்டுகளில் கருத்து மாறியது என்னும்போது, சந்தைக் கூடைமுன் ஒரு நிமிடத்தில் வழங்கப்படும் தீர்ப்பின் மதிப்பை ஊகித்துக் கொள்ளலாம். பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்று சாதிப்பதில் விற்பவரும் வாங்குபவரும் ஒருவருக்கொருவர் சளைத்தவர்கள் அல்லர்.

எடை சொல்வதும், வயது மறைப்பதும்

இன ஊகத்தில் முதலிடம் எடைக்கு உண்டு. ஆனால் வளர்ச்சி முடிந்த பிறகுதான் எடை பேசும். சிறிய இனங்கள் ஆறு மாதத்திலும் பெரியவை ஒன்பது மாதம் முதல் ஓராண்டுக்குள்ளும் முழு வளர்ச்சி அடைகின்றன. அமெரிக்க வரையறைப்படி நெதர்லாந்து ட்வார்ஃப் இனத்தின் உச்ச எடை 1.13 கிலோ. தொங்கு காதுடைய ஹாலந்து லாப் 1.8 கிலோ, பிடரி ரோமமுடைய லயன்ஹெட் 1.7 கிலோ. டச்சு இனம் ஏறத்தாழ 1.6 முதல் 2.5 கிலோ வரை. கலிஃபோர்னியன் 3.6 முதல் 4.8 கிலோ, நியூசிலாந்து நான்கு முதல் ஐந்தரை கிலோ. வெப்பமான நம் நாட்டுச் சூழலிலும் உள்நாட்டுத் தீவனத்திலும் வளரும் முயல்கள் பெரும்பாலும் இவ்வரையறையின் கீழ் விளிம்பிலோ அதற்குக் கீழோ நிற்கும். வளர்ந்த முயல் இரண்டரை கிலோவுக்கும் மூன்றரை கிலோவுக்கும் இடையில் இருந்தால், எந்தச் செல்ல இனத்தின் வரையறையையும் விடப் பண்ணைக் கலப்பு என்ற ஊகமே வலுவானது.

குட்டை முயல் பற்றிய பேச்சில்தான் ஏமாற்றம் அதிகம். உண்மையான குட்டைத் தன்மை ஒரு மரபணுவின் விளைவு. அந்த மரபணுவின் ஒரு பிரதியைப் பெற்ற குட்டி உருண்டைத் தலையும் சுமார் ஐந்து சென்டிமீட்டர் நீளக் காதும் கொண்டு சிறிதாகவே வளர்கிறது. இரு பெற்றோரிடமிருந்தும் அதைப் பெற்ற குட்டி பிறந்த சில நாட்களில் இறந்துவிடுகிறது. எனவே உண்மையான குட்டை முயல்கள் இரண்டை இணைசேர்த்தால், சராசரியாக ஈற்றின் கால்பங்கு குட்டிகள் பிழைப்பதில்லை, இன்னொரு கால்பங்கு அம்மரபணுவே இன்றிப் பெரிதாக வளர்கின்றன. தேநீர்க் கோப்பையில் வாழ்நாள் முழுவதும் அடங்கும் முயல் என்று எவரேனும் விற்றால், அதை முயற்கொம்பு வரிசையில் சேர்க்கலாம்.

கூடையில் உள்ள குட்டி சிறிதாக இருப்பதற்குப் பெரும்பாலும் வேறு காரணம் உண்டு. அது நான்கு வாரக் குட்டி. அந்த வயதில் எல்லா முயலும் உருண்டையாகவும் பெரிய கண்களோடும் கைக்குள் அடங்குவதாகவும் இருக்கும். குட்டியைத் தாயிடமிருந்து எட்டு வாரங்கள் வரை பிரிக்காதிருப்பதே கால்நடை மருத்துவர்களின் பொதுவான பரிந்துரை. பாலிலிருந்து புல்லுக்கு மாறும் அக்காலத்தில் குட்டியின் குடலில் நுண்ணுயிர்ச் சமநிலை இன்னும் அமையவில்லை. பிரிவு, பயணம், புதிய தீவனம் மூன்றும் ஒரே வாரத்தில் வந்தால் வயிற்றுப்போக்கில் குட்டி இறந்துபோவது எளிது. வீட்டார் அதை முயலே மென்மையான பிராணி என்று எண்ணிக்கொள்கின்றனர். இங்கு இனப்பெயர் செய்த வேலை வயதை மறைத்ததே.

இந்த வணிகத்துக்குச் சட்டம் இல்லாமல் இல்லை. 1960ஆம் ஆண்டின் விலங்குவதைத் தடுப்புச் சட்டத்தின் கீழ் 2018இல் வெளியான செல்லப்பிராணிக் கடை விதிகள், நாய், பூனையோடு முயலையும் செல்லப்பிராணி என்ற வரையறைக்குள் கொண்டுவந்தன. கடை நடத்துவோர் மாநில விலங்குநல வாரியத்தில் பதிவு செய்ய வேண்டும். வாங்குபவர் அந்தப் பதிவுச் சான்றைக் காட்டச் சொல்லிக் கேட்கலாம்.

காது

நிமிர்ந்த காதா, தொங்கு காதா என்பது எவர் கண்ணுக்கும் தெரியும் பண்பு. ஒரு காது நிமிர்ந்தும் ஒரு காது சாய்ந்தும், அல்லது இரண்டும் விமான இறக்கை போலப் பக்கவாட்டில் நீண்டும் இருந்தால் தொங்கு காது முயலோடு கலந்தது என்று கொள்ளலாம். ஹாலந்து லாப் இனத்தை நெதர்லாந்தின் அட்ரியான் டி காக் என்பவர் 1949 முதல் உழைத்து உருவாக்கினார். நெதர்லாந்து ட்வார்ஃபையும் பெரிய தொங்கு காது முயலையும் கலந்து அவர் தொடங்கிய முயற்சிக்கு 1964இல் அந்நாட்டில் அங்கீகாரம் கிடைத்தது. குட்டிகளின் காது சில வாரங்களுக்குப் பிறகே முழுமையாகத் தொங்கும் என்பதால் குட்டிப் பருவத்தில் காதைக் கொண்டு முடிவு செய்வது சரியாகாது.

தொங்கு காது ஓர் அழகு மட்டும் அன்று. அது காதுக் குழாயை மடித்து ஒடுக்குகிறது. மெழுகு தேங்குகிறது. பிரிட்டனில் 30 முயல்களை ஆராய்ந்து 2019இல் வெளியான கட்டுரை, தொங்கு காது முயல்களுக்குக் காதுக் கோளாறுகளும் பல் கோளாறுகளும் அதிகம் என்று கண்டது. பல் கோளாறு பற்றிய முடிவை அங்கு பின்னர் நடந்த பெரிய ஆய்வு உறுதிசெய்யவில்லை. காது பற்றிய எச்சரிக்கை நீடிக்கிறது. கொல்கத்தாவின் ஈரப்பதத்தில் இதற்குக் கூடுதல் கவனம் தேவை. தலையைச் சாய்ப்பது, காதைச் சொறிவது, காதடியில் தொட்டால் விலகுவது ஆகியவை மருத்துவரிடம் காட்ட வேண்டிய அறிகுறிகள்.

ரோமமும் மே மாதமும்

நீண்ட ரோமம் கண்டவுடன் அங்கோரா என்பது சந்தை வழக்கம். உண்மையான அங்கோராவின் ரோமம் உடல் முழுவதும் ஒரே சீராக வளர்ந்துகொண்டே இருக்கும். கம்பளிக்காக வளர்ப்போர் சுமார் மூன்று மாதங்களுக்கு ஒருமுறை அதைக் கத்தரிக்கின்றனர். கழுத்தைச் சுற்றியும் விலாப்பகுதியிலும் மட்டும் ரோமம் நீண்டு, முதுகு சாதாரணமாக இருந்தால் அது லயன்ஹெட் கலப்பு. பெல்ஜியத்தில் தோன்றியதாகக் கருதப்படும் அந்த இனத்தை அமெரிக்கச் சங்கம் 2014இல்தான் ஏற்றது. பிடரி ரோமத்துக்கான மரபணு ஓங்கு தன்மையுடையது. பெற்றோரில் ஒன்றிடமிருந்து மட்டும் வந்தாலும் குட்டிக்குப் பிடரி தோன்றும், ஆனால் வயது ஏறும்போது அது உதிர்ந்து மெலியும். ஆறு மாதத்தில் பிடரி மறைந்ததைக் கண்டு தோல் நோய் என்று பதறுவோர் உண்டு. பெரும்பாலும் அது மரபணுவின் கணக்கு.

ரோமம் வெல்வெட் போல் குட்டையாகவும் அடர்த்தியாகவும் நின்று, மீசை முடிகள் சுருண்டிருந்தால் ரெக்ஸ் கலப்பு என்று கருதலாம். பிரான்சில் 1919இல் கவனத்துக்கு வந்த திரிபு இது. இந்த முயல்களின் பாதத்தில் ரோமப் பாதுகாப்பு குறைவு என்பதால் கம்பித் தளமுடைய கூண்டிலும் வழுக்கும் மொசைக் தரையிலும் பாதம் புண்ணாகும். பழைய கொல்கத்தா வீடுகளின் சிவப்பு சிமெண்டுத் தரை குளிர்ச்சி தரும். அதன்மேல் ஒரு சாக்கோ பருத்தி விரிப்போ இருப்பது நலம்.

இனப்பெயர் எதுவாயினும் கொல்கத்தாவில் நீண்ட ரோமம் ஓர் அபாயம். முயலுக்குத் தகுந்த வெப்பநிலை ஏறத்தாழ 15 முதல் 25 டிகிரி செல்சியஸ். 30ஐத் தாண்டினால் துன்பம் தொடங்குகிறது. அதற்கு வியர்ப்பதில்லை, நாயைப்போல் இரைத்து வெப்பத்தை வெளியேற்றும் திறனும் குறைவு. காதுகளின் இரத்தக் குழாய்கள்தான் அதன் முதன்மைக் குளிரூட்டி. ஏப்ரல், மே மாதங்களில் வெப்பமும் ஈரப்பதமும் சேர்ந்து அழுத்தும் நகரில், இமாச்சல மலைக்குப் பொருத்தமான ரோமத்தை அணிந்து பால்கனியில் இருக்கும் முயல் ஒரே பிற்பகலில் இறந்துவிடக் கூடும். கோடைக்கு முன் ரோமத்தைக் கத்தரிப்பது, அறையின் குளிர்ந்த பகுதியில் வைப்பது, உறைந்த நீர் நிறைந்த பாட்டிலைத் துணியில் சுற்றி அருகே வைப்பது, ஈரக் கையால் காதை வருடுவது ஆகியவை உதவும். குளிர்ந்த நீரில் முழுமையாக முக்குவது அதிர்ச்சியால் உயிருக்கு ஆபத்தாகலாம். ஆழ்ந்து மூச்சு வாங்குதல், தலையைப் பின்னே சாய்த்தல், எச்சில் வடிதல் கண்டால் இனத்தைப் பற்றி யோசிக்க நேரமில்லை.

நிறம் சொல்லும் பொய்களும் மெய்களும்

வெள்ளை ரோமமும் சிவந்த கண்ணும் உடைய முயலே இந்தியாவில் எங்கும் காணப்படுவது. அதன் இனத்தை நிறத்தைக் கொண்டு ஊகிப்பது இயலாது. நிறமியே இல்லாமல் செய்யும் மரபணு, அடியில் உள்ள மற்ற எல்லா நிறங்களையும் திரையிட்டு மறைக்கிறது. பழுப்பு முயலுக்கும் கறுப்பு முயலுக்கும் பிறந்த குட்டிகளிடையே ஒரு வெள்ளைக் குட்டி தோன்றுவதில் வியப்பில்லை. நியூசிலாந்து வெள்ளை, வெள்ளை ராட்சதம், கலப்பு மூன்றையும் வெறும் கண்ணால் பிரிப்பது அனுபவமிக்கவருக்கும் கடினம்.

வெள்ளை உடலில் மூக்கு, காது, பாதம், வால் ஆகியவை மட்டும் கறுத்து, கண் சிவந்திருந்தால் ஹிமாலயன் அல்லது கலிஃபோர்னியன். உருவம் சிறிதாகவும் உடல் நீண்டு உருளையாகவும் இருந்தால் முன்னது. கனத்த பண்ணை உடலாக இருந்தால் பின்னது. கலிஃபோர்னியனை அமெரிக்காவில் 1920களில் ஜார்ஜ் வெஸ்ட் உருவாக்கியபோது ஹிமாலயனையும் சேர்த்தே கலந்தார் என்பதால் இந்த ஒற்றுமை இயல்பானது. ஹிமாலயன் என்ற பெயரால் அது டார்ஜிலிங்குக்கு அப்பாலிருந்து வந்தது என்று கருதத் தேவையில்லை. வெள்ளிச் சாம்பல் நிற முயல்களின் கலப்பில் அது தோன்றுவதை டார்வினே தம் நூலில் விவரித்துள்ளார்.

இந்த நிறத்தில் ஒரு விந்தை உண்டு. கறுப்பு நிறமியை ஆக்கும் நொதி குளிர்ந்த தோலில் மட்டுமே வேலை செய்கிறது. ஆகவே உடலின் குளிர்ந்த முனைகள் கறுக்கின்றன, வெப்பமான நடுவுடல் வெளுக்கிறது. கொல்கத்தாவில் ஜனவரி இரவுகளில் வளரும் ரோமம் கருமையாகவும், கோடையில் வளரும் ரோமம் மங்கலாகவும் இருக்கும். அறுவைச் சிகிச்சைக்காக மழித்த இடம் குளிர்ந்து, அங்கே கறுப்பு ரோமம் முளைப்பதும் உண்டு. அடுத்த ரோம உதிர்வில் அது மாறிவிடும், மருந்து தேவையில்லை.

சாம்பல் நிற முயல்களுக்கு ஓர் எளிய சோதனை இருக்கிறது. முதுகு ரோமத்தின்மேல் மெல்ல ஊதினால் அது வட்டமாக விலகி அடுக்கடுக்கான நிற வளையங்களைக் காட்டும். அடியில் நீலச் சாம்பல், நடுவில் முத்து வெண்மை, நுனியில் கறுப்பு என்று தெரிந்தால் சின்சில்லா நிறம். நடுவளையம் மஞ்சள் பழுப்பாக இருந்தால் காட்டு நிறம், கிரே ஜெயன்ட் போன்ற பண்ணை முயல்களில் காணப்படுவது. நான்கு கிலோவை ஒட்டிய சின்சில்லா நிற முயலைக் கண்டால் மன்னவனூர் வகை சோவியத் சின்சில்லாவின் வழி என்று சொல்வதில் ஓரளவு நியாயம் உண்டு. நிறம் மட்டும் இருந்து உருவம் சிறிதானால் மரபணு வந்திருக்கிறது, இனம் வரவில்லை.

நிறத்தில் உண்மையாகவே கவனிக்க வேண்டியது புள்ளி வடிவம். வெள்ளை உடலில் மூக்கின்மேல் வண்ணத்துப்பூச்சி போன்ற அடையாளமும், கண்வளையமும், நிறமுடைய காதும், உடலில் புள்ளிகளும் கொண்ட முயல்கள் நம் சந்தைகளில் ஏராளம். இந்தப் புள்ளி மரபணுவின் ஒரு பிரதி தீங்கற்றது. இரண்டு பிரதிகள் பெற்ற முயலில் அடையாளங்கள் சுருங்கி, மூக்கில் சிறு மீசை போன்ற கறையும் காதில் நிறமும் மட்டும் எஞ்சி உடல் ஏறக்குறைய முழு வெள்ளையாகிவிடும். அத்தகைய முயல்களில் சிலவற்றுக்குப் பெருங்குடல் விரிந்து செயல் மந்தமாகும் பிறவிக் கோளாறு காணப்படுகிறது. எச்சம் அளவில் பெரிதாகவோ ஒழுங்கற்றோ, சளி கலந்தோ வருவது அதன் குறி. சார்லி சாப்ளினின் மீசையை நினைவூட்டுவதால் வளர்ப்போர் இவற்றைச் சார்லி என்பர். அப்படி ஒரு முயலைத் தத்தெடுத்தவர், இனப்பெயர் கிடைக்காவிட்டாலும், அதன் எச்சத்தைத் தினமும் நோக்குவது அவசியம்.

மருத்துவரிடம் சொல்ல வேண்டியவை

கொல்கத்தாவில் விலங்கு மருத்துவத்துக்கு நீண்ட மரபு உண்டு. பெல்காச்சியாவில் வங்கக் கால்நடை மருத்துவக் கல்லூரி 1893இல் தொடங்கப்பட்டது. அதன் வழிவந்த மேற்கு வங்க விலங்கு மற்றும் மீன்வள அறிவியல் பல்கலைக்கழகம் இன்றும் அங்கு இயங்குகிறது. எனினும் நகரின் சிறு மருத்துவமனைகளில் பெரும்பாலும் வருபவை நாயும் பூனையும் என்பதால், முயலுக்கு ஒவ்வாத மருந்துகளை வளர்ப்பவரும் அறிந்திருப்பது நல்லது. நாய்களுக்கு உண்ணி போக்கத் தெளிக்கப்படும் ஃபிப்ரோனில் முயலுக்கு நஞ்சு. அமாக்சிசிலின் போன்ற பென்சிலின் வகை மருந்தை வாய்வழி கொடுத்தால் குடலின் நல்ல நுண்ணுயிர்கள் அழிந்து மரணம் நேரலாம். முயல் அரை நாள் உண்ணாமல் இருந்தாலே அவசரநிலையாகக் கொள்ள வேண்டும்.

மருத்துவருக்கு இனத்தைவிட முதலில் வேண்டியது பால். குட்டிப் பருவத்தில் ஆண் பெண் பிரித்தறிவது கடினம் என்பதால் இரண்டும் பெண் என்று விற்கப்பட்ட சோடி ஒரே மாதத்தில் ஆறு குட்டி ஈனுவது அடிக்கடி நிகழ்கிறது. முயலின் கர்ப்பகாலம் சுமார் 31 நாட்கள். ஈன்ற அன்றே மீண்டும் சினையாகவும் கூடும். நான்கு மாத வயதிலேயே இணைசேர்க்கை தொடங்கிவிடலாம். கருத்தடை செய்யப்படாத பெண் முயல்களுக்கு வயது ஏறும்போது கருப்பைப் புற்றுநோய் வரும் வாய்ப்பு மிக அதிகம். நன்கு பராமரித்தால் எட்டு முதல் பன்னிரண்டு ஆண்டுகள் வாழக்கூடிய பிராணியிடம் இந்த ஒரு முடிவு எந்த இனப்பெயரையும் விடப் பெரிய வேறுபாட்டை உண்டாக்கும்.

அறுவைச் சிகிச்சைக்கும் மருந்தின் அளவுக்கும் அடிப்படை அன்றைய எடை. நான்கு வாரங்களுக்கு ஒருமுறை சமையலறைத் தராசில் எடைபோட்டுக் குறித்துவந்தால் பல் நோயும் குடல் நோயும் வெளியே தெரியுமுன் எடையில் தெரிந்துவிடும். குட்டியாகத் தத்தெடுத்தவருக்கு அதே குறிப்பு, ஆறாவது மாதத்தில், ட்வார்ஃப் என்று சொல்லப்பட்டது உண்மையா என்பதற்கும் விடை தரும்.

தடுப்பூசி அட்டையிலோ சிகிச்சைப் பதிவிலோ இனம் என்ற கட்டம் வரும்போது, 'கலப்பு, லயன்ஹெட் பண்பு', 'கலப்பு, சின்சில்லா நிறம்', 'கலப்பு, ஒரு காது தொங்கல்' என்று எழுதுவதில் தவறில்லை. அதனருகே பால், எடை, உத்தேச வயது, ரோம நீளம் ஆகிய நான்கையும் எழுதிவைத்தால் அடுத்து அந்த முயலைக் கையில் எடுக்கும் மருத்துவருக்கு அது போதுமானது.